கார் ஷெட்டிலிருந்து வந்த சத்தம்

1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய், டகோமா நகரத்துப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனிடம், "தி சோனிக்ஸ் என்று ஒரு குழு இருக்கிறதாமே, பாவம், யாரும் கண்டுகொள்வதில்லையாமே" என்று சொல்லியிருந்தால் அவன் நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பான். அந்த வட்டாரத்தில் சோனிக்ஸைத் தெரியாத இளவட்டமே கிடையாது. 1964 கடைசியில் வந்த அவர்களுடைய முதல் சிங்கிள் 'தி விட்ச்' வடமேற்கு மாநிலங்களில் சக்கைப்போடு போட்டது. சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவே, பழைய 99ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் 'ஸ்பானிஷ் காசில்' என்று ஒரு நடனக் கூடம் இருந்தது. வாரக் கடைசி இரவுகளில் அது நிரம்பி வழியும். அங்கே ஆட வந்தவர்களுக்கு சோனிக்ஸ் உள்ளூர் நட்சத்திரங்கள்.

இன்று உலகத்தில் எந்த இசைப் பித்தர் 'கவனிக்கப்படாமல் போன அற்புத ஆல்பங்கள்' என்று பட்டியல் போட்டாலும், 1965இல் வந்த 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்' அதில் இருக்கும். கவனிக்காமல் விட்டது யார்? நியூயார்க் கவனிக்கவில்லை, லாஸ் ஏஞ்சலஸ் கவனிக்கவில்லை, பெரிய கம்பெனிகள் கவனிக்கவில்லை. டகோமா நன்றாகவே கவனித்தது. கராஜ் ராக், அதன் வாரிசான பங்க் ஆகியவற்றின் மறந்துபோன இசைத்தட்டுகள்மேல் இன்று ஒரு கூட்டம் வைத்திருக்கும் மோகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேறுபாடுதான் உறுத்தும். அன்று இந்தப் பாட்டுகளுக்கு ஓர் ஊர் இருந்தது, ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இன்று ஒசாகாவிலும் மெல்போர்னிலும் தெரிகிறது. சொந்த ஊர்தான் கழன்று போய்விட்டது.

கராஜ் ராக் என்ற பெயர் வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றினார்கள். ஏறக்குறைய 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுவாரமே அமெரிக்கா முழுக்கப் பையன்கள் கிடார் கேட்டு வீட்டில் அடம்பிடித்தார்கள். சியர்ஸ் கடையின் விலைப்பட்டியல் புத்தகத்திலேயே மலிவு விலை சில்வர்டோன் கிடார் இருந்தது. ஒத்திகைக்கு அப்பாவின் கார் ஷெட். மூன்று கார்டு தெரிந்தால் போதும், குழு தயார். டகோமா பக்கம் மட்டும் கதை கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. அங்கே பீட்டில்ஸுக்கு முன்பே, சாக்ஸஃபோனும் ஆர்கனும் முழங்கும் முரட்டு ஆர் அண்ட் பி இசைக்குப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். சோனிக்ஸ் அந்த மண்ணில் முளைத்தது.

ஒரு குழுவின் பயணம் ஏறக்குறைய எங்கள் ஊர்த் திருவிழா மெல்லிசைக் குழுவின் பயணத்தைப் போன்றது. மூன்று நான்கு தாலுகாக்களில் அந்தப் பாடகருக்கு இருக்கும் மவுசு ஐந்தாவது தாலுகாவில் இருக்காது. அமெரிக்கக் குழுவினர் அதற்கு மேல் ஒரு படி போனார்கள்: சொந்தக் காசில் ஐந்நூறோ ஆயிரமோ 45 ஆர்பிஎம் தட்டுகள் அடித்து, ஒன்றை உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நடனக் கூட வாசலில் விற்றார்கள். ஜூக்பாக்ஸ்காரர் சில பிரதிகள் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் விநியோகம். சோனிக்ஸை வெளியிட்ட எட்டிக்கெட் கம்பெனியைக்கூட நடத்தியவர்கள் அதே ஊரின் மூத்த குழுவான 'தி வெய்லர்ஸ்' ஆட்கள்தான்.

அந்த முதல் ஆல்பத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்ற ஒலிப்பதிவாளரின் கூடத்தில் இரண்டே டிராக்கில் பதிவானது. பாப் பென்னெட்டின் டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக். இன்றைய ஸ்டூடியோக்களில் டிரம்ஸுக்கு மட்டும் எட்டு, பத்து மைக் வைக்கிறார்கள். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, பளிச்சென்று, உயிரில்லாமல் கேட்கும். இங்கே ஒரே மைக்கில் அறை முழுவதும் விழுகிறது. டிரம்ஸ் அடி சுவரில் மோதித் திரும்புவதும் சேர்ந்தே கேட்கிறது. ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியே நின்றது. ஜெரி ராஸ்லி பாடுகிறார் என்று சொல்வதைவிட, கத்தலைச் சுருதிக்குள் வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். கிடார் ஏன் இப்படிக் கரகரக்கிறது என்பதற்குக் கிடாரிஸ்ட் லாரி பரிப்பா பின்னாளில் சொன்ன காரணம், பேஸ் வாசித்த தன் சகோதரர் ஆண்டி ஐஸ் உடைக்கும் ஊசியை எடுத்து ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை போடுவார் என்பது. 1966இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'பூம்' பதிவின்போது இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்டூடியோ சுவரில் ஒலி எதிரொலிக்காமல் இருக்க ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துப் போட்டார்கள் என்று கதை. எதிரொலி வேண்டும் என்பதுதான் அவர்கள் கட்சி.

மூன்றாவது ஆல்பத்துக்கு ஹாலிவுட் போனார்கள். நல்ல ஸ்டூடியோ, நல்ல கருவிகள், கைதேர்ந்த ஒலிப்பதிவாளர். 1967இல் வந்த அந்தத் தட்டு மொழுமொழுவென்று இருக்கும். குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. சிறிது காலத்தில் பழைய குழு கலைந்தது. சாக்ஸஃபோன் வாசித்த ராப் லிண்ட் கடற்படை விமானியாக வியட்நாம் போரில் பறந்துவிட்டு, பிறகு பயணிகள் விமானம் ஓட்டினார். ராஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழிலில் இறங்கினார். ஸ்பானிஷ் காசில் 1968இல் இடிக்கப்பட்டது.

சோனிக்ஸுக்கு டகோமா என்றால், 'தி மாங்க்ஸ்' குழுவுக்கு ஊர் என்றே ஒன்று சரியாக அமையவில்லை. ஜெர்மனியின் கெல்ன்ஹாவுசனில் முகாமிட்டிருந்த ஐந்து அமெரிக்கச் சிப்பாய்கள், ராணுவத்திலிருந்து விடுபட்ட பிறகும் நாடு திரும்பாமல் அங்கேயே பீட் இசைக் கிளப்புகளில் வாசித்தார்கள். இரண்டு ஜெர்மானியர்கள் நிர்வாகிகளாக வந்து அவர்களை மாற்றிப்போட்டார்கள். கத்தோலிக்கத் துறவிகள்போல உச்சந்தலையை மட்டும் மழித்துக்கொண்டு, கறுப்பு உடையில், டைக்குப் பதிலாகக் கழுத்தில் தூக்குக் கயிறு மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். கிராமிய இசைக்கு வாசிக்கும் பாஞ்சோவுக்குள் மைக்கைச் செருகி அதைத் தாளக் கருவியாக ஆக்கினார்கள். டிரம்ஸில் சிம்பல் சத்தம் அபூர்வம், 'தும் தும்' என்று இடிதான். 1966இல் பாலிடார் வெளியிட்ட 'பிளாக் மாங்க் டைம்' முதல் பாட்டிலேயே வியட்நாம் போரைக் கேள்வி கேட்கிறது. கேட்பவர்கள் முன்னாள் சிப்பாய்கள். அமெரிக்காவில் அந்தத் தட்டு அப்போது வெளியாகவே இல்லை. 1990களில்தான் அங்கே கிடைத்தது.

மாங்க்ஸின் இரண்டாம் பிறவி வேடிக்கையானது. அவர்கள் வீடு திரும்பிக் குடும்பம் குட்டி என்று ஆகிவிட்ட காலத்தில், இங்கிலாந்தில் 'தி ஃபால்' குழு 1990இல் அவர்கள் பாட்டை எடுத்துப் பாடியது. 1999இல் நியூயார்க்கில் நடந்த கேவ்ஸ்டாம்ப் என்ற கராஜ் ராக் விழாவில், முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து மறுபடி மேடை ஏறினார்கள். எதிரே ஒவ்வொரு பாட்டும் மனப்பாடமான கூட்டம். பாடகர் கேரி பர்கர் பின்னாளில் மின்னசோட்டா மாநிலத்தில் டர்ட்டில் ரிவர் என்ற சின்னஞ்சிறு ஊரின் மேயராக இருந்தார். தொண்டை கிழியக் கத்திய மனிதர், ஊர்க் கூட்டத்தில் தெருவிளக்குப் பிரச்சினை பேசியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

இந்தத் தட்டுகளை ஊரிலிருந்து பிடுங்கி உலகத்தில் நட்டவர்கள் சேகரிப்பாளர்கள். நியூயார்க் பிளீக்கர் தெருவில் பழைய ரெக்கார்ட் கடையில் வேலை பார்த்த லென்னி கே, எலெக்ட்ரா கம்பெனிக்காக 27 பாட்டுகளைத் தொகுத்து 1972இல் 'நகெட்ஸ்' என்ற இரட்டை எல்பியைக் கொண்டுவந்தார். பாட்டுகள் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, அதற்குள் அவை புதைபொருள்! உறைக் குறிப்பில் இந்த இசையை அவர் 'பங்க் ராக்' என்று குறிப்பிட்டார். லண்டனில் பங்க் வெடிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்தத் தொகுப்பு அப்போது பெரிதாக விற்கவில்லை. 1976இல் சையர் கம்பெனி மறுபதிப்பு போட்டது. பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில் அதே கம்பெனிதான். அதற்குள் லென்னி கே பாட்டி ஸ்மித் குழுவின் கிடாரிஸ்ட் ஆகியிருந்தார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். கிரெக் ஷா 1978இல் 'பெபிள்ஸ்' வரிசையைத் தொடங்கினார். 1983இல் டிம் வாரன் 'பேக் ஃப்ரம் தி கிரேவ்' வரிசையைத் தொடங்கினார். பழைய சாமான் கடை, வீட்டு வாசல் விற்பனை, தபாலில் வரும் விலைப்பட்டியல், டெலிபோன் டைரக்டரி, இவைதான் அவர்களுடைய ஆயுதங்கள். தட்டின் நடுவட்டத்தில் இருக்கும் முகவரியைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், இப்போது இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருக்கும் முன்னாள் டிரம்மரைக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் எடுத்ததைவிட விட்டதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

வாரன் வரிசையில் முரட்டுத்தனமே முதல் தகுதி. மென்மையான காதல் பாட்டு, பூவும் பட்டாம்பூச்சியுமான பாட்டு எதற்கும் இடமில்லை. ஆனால் அந்தப் பையன்களில் பலர் முரடர்களாக இருக்க ஆசைப்பட்டவர்கள் அல்ல. பீட்டில்ஸாக ஆசைப்பட்டவர்கள், கைவசம் இருந்த மலிவுக் கிடாரும் அவசரப் பதிவும் அவர்களை முரடர்களாக்கிவிட்டன. தட்டின் ஒரு பக்கம் காட்டுக்கத்தல் என்றால் மறுபக்கம் உருகி உருகி ஒரு காதல் பாட்டு இருக்கும். பல குழுக்களுக்கு அந்த உருக்கம்தான் பெருமை. நடனக் கூடத்தில் ஜோடியாக மெதுவாக ஆடவும் ஒரு பாட்டு வேண்டுமே! சோனிக்ஸின் 'பூம்' ஆல்பத்திலேயே 'சின்ஸ் ஐ ஃபெல் ஃபார் யூ' என்ற பழைய உருக்கப் பாட்டு உண்டு. ரசிகர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நாம் இன்று '60களின் கராஜ் ராக்' என்று கேட்பது, எண்பதுகளில் பங்க் கேட்டு வளர்ந்தவர்கள் தங்கள் காதுக்கு ஏற்றபடி சலித்து எடுத்தது. சலித்தது நல்லதுதான். மறந்துபோன தட்டுகளில் பாதிக்கு மேல் மறக்கத் தகுதியானவையே. எட்டாவது முறையாக அதே மூன்று கார்டைக் கேட்கும்போது எந்த ரசிகனும் மனதுக்குள் இதை ஒப்புக்கொள்வான்.

ஊர் தானாகத் திரும்பி வந்து உரிமை கொண்டாடியதும் நடந்திருக்கிறது. பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் லின்சே என்ற பகுதியைச் சேர்ந்த 'லோஸ் சைக்கோஸ்' 1965இல் 'டெமோலிசியோன்' என்ற பாட்டைப் பாடினார்கள். ரயில் நிலையத்தை இடித்துத் தள்ளுவோம் என்கிற கும்மாளம்தான் பாட்டு. பெருவில் அவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது, தொலைக்காட்சியில்கூட வந்தார்கள். சில சிங்கிள்களோடு 1966இல் கலைந்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவர்களைக் கண்டெடுத்துக் கொண்டாடிய பிறகு, 2006இல் அந்தப் பகுதியில் ஒரு கல்வெட்டு வைக்கப்பட்டது. உலகத்தில் பங்க் ராக் பிறந்த இடம் இதுதான் என்று அது சொல்கிறது. டெட்ராய்ட்டும் நியூயார்க்கும் லண்டனும் சண்டைக்கு வரலாம். லின்சே கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக நடந்த அகில இந்திய 'சிம்லா பீட்' போட்டியில் பாடிய குழுக்களின் பாட்டுகள் 1970, 1971 ஆண்டுகளில் இரண்டு எல்பிகளாக வந்தன. கரகரக்கும் கிடாரும் ஆர்கனுமாக நம் நகரத்துக் கல்லூரிப் பையன்கள் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள். அவற்றையும் மறுபதிப்பு போட்டுக் காப்பாற்றியது மேற்கத்திய சேகரிப்பாளர் உலகம்தான். நாம் திரைப்பாட்டுத் தட்டையே பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்கள் ஆயிற்றே.

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். டிஸ்காக்ஸ் என்ற இணையதளம் 2000இல் போர்ட்லண்டில் தொடங்கியது. எந்தத் தட்டு எந்த ஆண்டு எத்தனை பதிப்பு வந்தது, கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று அதில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். தபால் பட்டியல் காலத்தின் ரகசியமெல்லாம் போயிற்று. அறியாத விற்பனையாளரிடம் ஒரு டாலருக்கு அபூர்வத் தட்டு அடிக்கும் யோகமும் அதோடு போயிற்று. அமெரிக்காவில் 2022இல் எல்பி விற்பனை எண்ணிக்கையில் சிடியை முந்தியது. அன்று ஆர்வலர்கள் உரிமம் கிரிமம் பார்க்காமல் போட்ட தொகுப்புகளில் பாடியவருக்குப் பெரும்பாலும் பைசா போகவில்லை. இன்று லைட் இன் தி ஆட்டிக், நோர்ட்டன் போன்ற சிறு கம்பெனிகள் ஆளைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தம் போட்டு, மூல டேப்பிலிருந்து பதிப்பிக்கின்றன. சோனிக்ஸ் பாடிய 'ஹேவ் லவ் வில் டிராவல்' ஒரு கார் விளம்பரத்தில் ஒலித்துப் புதிய காதுகளைப் பிடித்தது. அந்தப் பாட்டை எழுதியவர் ரிச்சர்ட் பெரி. கராஜ் குழுக்களின் தேசிய கீதமான 'லூயி லூயி'யை எழுதியவரும் அவர்தான். அதன் உரிமையை 1950களின் கடைசியில் 750 டாலருக்கு விற்றுவிட்டு, பல ஆண்டு கழித்து எண்பதுகளில் ஒரு பங்கை மீட்டார். பணம் வந்து சேர்வதைப் பொறுத்தவரை இந்தக் காலம் நிச்சயமாக மேல். இதில் பழம்பெருமை பேச ஒன்றுமில்லை.

காப்பாற்றுவதும் அத்தனை சுலபமாக இல்லை. 2012இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில் இருந்த நோர்ட்டன் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தது. தன்னார்வலர்கள் வந்து நனைந்த உறைகளைக் கிழித்துப் போட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்தார்கள். உறை போனாலும் தட்டு பிழைக்கும். பாட்டு பிளாஸ்டிக்கில்தானே இருக்கிறது.

இசை எப்படிச் செய்யப்படுகிறது என்பதில்தான் மாற்றம் தலைகீழ். 1965இல் இரண்டு டிராக் என்பது கிடைத்த வசதி. 2015இல் சோனிக்ஸ் ஐம்பது ஆண்டு கழித்துப் புதிய ஆல்பம் செய்தபோது, டெட்ராய்ட் கராஜ் வட்டாரத்தின் ஒலிப்பதிவாளர் ஜிம் டயமண்டைப் பிடித்து, வேண்டுமென்றே மோனோவில் பதிவு செய்தார்கள். ஆரெகான் மாநிலத்தில் 'டெட் மூன்' குழுவின் ஃப்ரெட் கோல், 1954ஆம் வருடத்து மோனோ தட்டு வெட்டும் இயந்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டு தன் ஆல்பங்களைத் தானே வெட்டினார். 'லூயி லூயி'யின் கிங்ஸ்மென் பதிவை வெட்டியதும் அதே இயந்திரம் என்பார்கள். அன்றைக்கு இல்லாமையாக இருந்தது இன்றைக்கு ஓர் அழகியல் கொள்கை. அதிலிருந்து நல்ல ஆல்பங்கள் வந்திருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் புதிய கராஜ் குழு ஒன்று முந்நூறு பிரதி அடித்தால், அது உள்ளூரில் முப்பது போய், மிச்சம் பார்சலில் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போகிறது. நடனக் கூடத்தில் ஆட வந்த பிள்ளைகள், ஆடப் பிடிக்காவிட்டால் வெளியே போய்விடுவார்கள். அந்தப் பயம் சோனிக்ஸை வேகமாக வாசிக்க வைத்தது. பார்சலில் வாங்குபவர் அப்படியெல்லாம் வெளியே போக மாட்டார். புதுக் குழுக்களில் பலவற்றின் தாளம் சரியாக இருந்தும் கால் ஏன் ஆடவில்லை என்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் சந்தேகம். மெம்பிஸில் கோனர் ரெக்கார்ட்ஸ் கடைக்காரர்கள் 2005 முதல் நடத்திவரும் கோனர்ஃபெஸ்ட் போன்ற விழாக்கள் இந்தக் குறையைச் சில நாட்களுக்குத் தீர்க்கின்றன. சிதறிக் கிடக்கும் கூட்டம் ஒரே கூரையின்கீழ் வியர்க்கிறது.

இதுவரை சொன்ன எதற்கும் அடங்காத ஒரு குழுவும் உண்டு. டெட்ராய்ட்டின் 'டெத்'. டேவிட், பாபி, டானிஸ் என்று ஹாக்னி குடும்பத்துச் சகோதரர்கள் மூவர். 1970களின் தொடக்கத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் மூன்று பையன்கள் வீட்டு அறையில் இடிமுழக்க ராக் வாசித்ததை அக்கம்பக்கம் ரசிக்கவில்லை. மோட்டவுன் இசையின் ஊரில் அது அந்நிய இசை. வெள்ளைக்கார ராக் உலகத்துக்கும் அவர்கள் அந்நியர்கள். ஊரும் இல்லை, உலகமும் இல்லை. 1975இல் பெரிய இசைக் கம்பெனித் தலைவர் கிளைவ் டேவிஸ் பணம் கொடுக்க, யுனைடெட் சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவு தொடங்கியது. பெயரை மட்டும் மாற்றுங்கள் என்றார் அவர். இறந்த தந்தையின் நினைவாக, மரணத்தை நல்லபடியாகப் பார்க்க வைக்க வேண்டும் என்று அந்தப் பெயரை வைத்திருந்த டேவிட் முடியாது என்றார். பணம் நின்றது. 1976இல் சொந்தக் காசில் ஒரு சிங்கிள், ஐந்நூறு பிரதிகள். அதோடு கதை முடிந்தது. சகோதரர்கள் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். பின்னாளில் பாபியும் டானிஸும் ரெகே வாசித்தார்கள். டேவிட் டெட்ராய்ட் திரும்பினார். இறப்பதற்கு முன் மூல டேப்புகளைப் பாபியிடம் கொடுத்து, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும் என்றார். 2000இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார்.

தேடி வந்தார்கள். சேகரிப்பாளர்கள் அந்த ஐந்நூறு தட்டுகளை நூற்றுக்கணக்கான டாலருக்கு வாங்கத் தொடங்க, பாட்டு இணையத்தில் பரவியது. பாபியின் மகன் தற்செயலாக அதைக் கேட்டு, இது அப்பாவின் குரல் ஆயிற்றே என்று திகைத்துப் போனான். டெத் என்று ஒரு குழு இருந்ததையே அப்பா பிள்ளைகளிடம் சொன்னதில்லை. பிள்ளைகள் 'ரஃப் ஃபிரான்சிஸ்' என்று ஒரு குழு தொடங்கி அப்பா, பெரியப்பாக்களின் பாட்டுகளை பர்லிங்டன் மேடைகளில் வாசித்தார்கள். 2009இல் டிராக் சிட்டி கம்பெனி மாடியில் கிடந்த டேப்புகளை ஆல்பமாக வெளியிட்டது. ரமோன்ஸுக்கு முன்பே இப்படியா என்று எல்லாரும் வாய்பிளந்தார்கள். 2012இல் ஆவணப்படமும் வந்தது. ஆல்பம் அரை மணி நேரம்கூட ஓடாது, ஏழே பாட்டுகள். முதலில் திட்டமிட்டது பன்னிரண்டு. பணம் நின்றபோது மீதி ஐந்தும் பதிவாகாமலே நின்றுவிட்டன.